கூலி கேட்பது இரப்பாகுமா?

2023 ஆகஸ்ட் 3, வியாழக்கிழமை. போர்ட் பிளேரில் அமர்ந்திருந்த கல்கத்தா உயர்நீதிமன்ற அமர்வு, அந்தமான் நிக்கோபார் நிர்வாகத்தின் தலைமைச் செயலரைப் பதவியிடைநீக்கம் செய்தது. துணைநிலை ஆளுநர் டி.கே. ஜோஷிக்கு ஐந்து லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அதை அரசுக் கணக்கில் எழுதாமல் அவர் தன் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டும் என்றும் சொன்னது. ஜோஷி இந்தியக் கடற்படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர். அப்படிப்பட்டவரை நீதிமன்றம் இந்த அளவுக்கு நெருக்கியதற்குக் காரணம் ஊழல் இல்லை, கலவரம் இல்லை. சாலை போடுகிறவர்கள், குழாய் பதிக்கிறவர்கள், சுமை தூக்குகிறவர்களின் கூலிதான்.

தீவு நிர்வாகத்தின் கீழ் ஏறத்தாழ நாலாயிரம் தினக்கூலி மஸ்தூர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு உயர்த்திய கூலியையும் அகவிலைப்படியையும் கொடுக்கும்படி 2022 டிசம்பர் 19-ல் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. ஏழு மாதம் கழிந்தும் அது நிறைவேறவில்லை. அந்தமான் சர்வஜனிக் நிர்மாண் மஸ்தூர் சங்கம் விடவில்லை. விவகாரம் நீதிமன்ற அவமதிப்பில் போய் நின்றது. மறுநாளே டெல்லியில் தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் அமர்வு உத்தரவுக்குத் தடை விதித்தது. ஆளுநரும் செயலரும் தப்பினார்கள் என்பதோடு நாளிதழ்களுக்குச் செய்தி முடிந்துபோனது.

அங்கேதான் ஒரு பழைய கேள்வி எழுகிறது. வேலை கொடுத்தவரிடம் போய்க் கூடுதலாகக் கேட்கிறவர் உண்மையில் என்ன செய்கிறார்? தன்னிடம் இல்லாததைப் பிறரிடம் இரக்கிறாரா? ஏற்கெனவே தான் கொடுத்துவிட்ட ஒன்றுக்கு ஈடு கேட்கிறாரா? முதலாவது என்றால் கொடுப்பது கருணை, மறுப்பதும் பாவமில்லை. இரண்டாவது என்றால் மறுப்பவர் கடன்காரர்.

மதங்கள் இரண்டு பக்கமும் பேசியிருப்பதாகத்தான் முதல் பார்வைக்குத் தோன்றும். ஒரு பக்கம் போதுமென்ற மனம், பற்றின்மை, நன்றி மறவாமை. இன்னொரு பக்கம், கூலியைப் பிடித்து வைப்பவன் மேல் விழும் சாபம். முதல் பக்கம் பெரும்பாலும் கேட்பவரின் காதில்தான் ஓதப்படுகிறது. கொடுக்க வேண்டியவர் அதைக் கேட்கும்படி யாரும் சொல்வதில்லை.

தமிழ்ப் பக்தி மரபில் இந்தக் கேள்விக்கு நேராக வந்து நிற்கும் ஒரு கதை உண்டு. திருவாரூர் மாவட்டத்துத் திருவீழிமிழலைக் கோயிலுக்குப் போனவர்கள் படிக்காசுப் பீடங்களைப் பார்த்திருப்பார்கள். ஊரில் பஞ்சம். அடியார் கூட்டத்தோடு அப்பரும் சம்பந்தரும் அங்கே தங்கியிருக்கிறார்கள். இறைவன் இருவருக்கும் நாளுக்கு ஒரு பொற்காசு தருகிறார். அதை மாற்றிப் பொருள் வாங்கி இரண்டு மடங்களிலும் சோறு ஆக்கிப் போடுகிறார்கள். அப்பர் மடத்தில் உச்சிவேளைக்கே பந்தி முடிந்துவிடுகிறது. சம்பந்தர் மடத்திலோ தினமும் நேரம் தள்ளிப்போகிறது. ஏன் என்று சமையற்காரர்களைக் கேட்கிறார் சம்பந்தர். கடைக்காரர்கள் அப்பர் காசை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள், நம் காசுக்கு வட்டம் (மாற்றுக் கழிவு) கேட்கிறார்கள், அதைப் பேசித் தீர்த்துப் பொருள் வாங்கி வருவதற்குள் வெயில் ஏறிவிடுகிறது என்கிறார்கள் அவர்கள்.

காசு ஏன் வேறுபட்டது? அப்பர் உழவாரம் பிடித்துக் கோயில் பிராகாரத்துப் புல்லைச் செதுக்குகிறவர். உடம்பால் தொண்டு செய்கிறவருக்கு முழு மாற்றுக் காசு. பாட்டால் தொண்டு செய்கிறவருக்குக் கொஞ்சம் குறைந்த காசு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இதைப் பெரியபுராணத்தில் எழுதிய சேக்கிழார் ஒரு சோழ அமைச்சர். நிர்வாகம் நடத்திய மனிதர். கூலி வேறுபாடு முதலில் கடைவீதியில் தெரியும், பிறகு அடுப்பங்கரையில் தெரியும், பந்தியில் பசித்துக் காத்திருப்பவர் வயிற்றில் முழுதாகத் தெரியும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

சம்பந்தர் அடுத்துச் செய்ததுதான் முக்கியம். கிடைத்தது போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. இறைவன் கொடுத்ததில் குறை சொல்லலாமா என்று தயங்கவும் இல்லை. நேரே சன்னதிக்குப் போய், குறையில்லாத காசு கொடுங்கள் என்று பதிகம் பாடினார். மறுநாளிலிருந்து காசு சரியானது. சைவ மரபு அந்தப் பதிகத்தை இன்றும் தேவாரத்தில் வைத்து ஓதுகிறது. அதை ஒரு பிழையாக யாரும் எண்ணியதில்லை. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்ற பழமொழிக்குச் சீர்காழிக் குளக்கரையில் மூன்று வயதில் சாட்சியாக நின்றவர் அவர். வளர்ந்த பிறகு அழவில்லை, கணக்குக் கேட்டார்.

சுந்தரர் இதைவிடத் துணிந்தவர். குண்டையூரில் நெல் மலையாகக் குவிந்தபோது, நெல் மட்டும் போதாது, திருவாரூருக்குச் சுமந்து போக ஆளும் வேண்டும் என்று கோளிலி இறைவனிடம் கேட்டவர். தோழன் என்ற உரிமையில் கேட்டார் என்று உரைகாரர்கள் சமாதானம் சொல்வார்கள். சம்பந்தர் கேட்டதற்கு அந்தச் சமாதானமும் வேண்டியதில்லை. அவர் கேட்டது பரிசை அல்ல. தன் பக்கத்தில் இருந்தவருக்கு என்ன மாற்றோ அதே மாற்று.

அந்தமான் மஸ்தூர்களின் வழக்கும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. நிரந்தர ஊழியர் பார்க்கும் அதே வேலையைப் பார்க்கும் தற்காலிகத் தொழிலாளிக்கு, அந்தப் பணியின் தொடக்க ஊதியத்தில் முப்பதில் ஒரு பங்கையும் அகவிலைப்படியையும் நாள்கூலியாகக் கொடுக்க வேண்டும் என்று மத்தியப் பணியாளர் துறை 1988 ஜூன் 7-லேயே சுற்றறிக்கை அனுப்பியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு மத்தியப் பொதுப்பணித் துறைத் தினக்கூலிகள் தொடுத்த சுரிந்தர் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னதன் விளைவு அது. 1982-ல் ரண்தீர் சிங் வழக்கில் சம வேலைக்குச் சம ஊதியம் என்ற கொள்கை அரசியலமைப்பின் உயிர்ப்புள்ள பகுதியாக ஏற்கப்பட்டிருந்தது. அதை எழுப்பியவர் டெல்லிப் போலீசில் ஓட்டுநராக இருந்த ஒருவர்.

அகவிலைப்படி என்பது கடைவீதி விலைவாசிக் குறியீட்டைப் பார்த்து ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும் மாறுவது. தீவில் அது வெறும் எண்ணிக்கை ஆகாது. சென்னையிலிருந்து கப்பல் வந்து சேர மூன்று நாள் பிடிக்கும். கடல் கொந்தளித்துக் கப்பல் தாமதமானால் அபர்தீன் பஜாரில் வெங்காயமும் தக்காளியும் விலை ஏறும். மத்திய அரசு ஊழியர்களுக்குத் தீவுப் பணிக்கென்றே ஒரு தனிப்படி இருக்கிறது. இங்கே வாழ்வது செலவு மிக்கது என்று அரசே ஒத்துக்கொண்டதற்கு அது சான்று. அதே வெங்காயத்தை அதே கடையில் அதே விலைக்குத்தான் மஸ்தூரின் வீட்டிலும் வாங்குகிறார்கள். மிழலைக் கடைக்காரர்கள் காசைப் பார்த்து வட்டம் பிடித்தார்கள். இங்கே காசில் வேறுபாடு இல்லை, எண்ணிக்கையில்தான்.

மஸ்தூர்களில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் தீவின் வரலாறே வரிசையில் நிற்கும். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 3.8 லட்சம். வங்காளம், இந்திக்கு அடுத்தபடி அதிகம் பேசப்படும் மொழி தமிழ். பொதுப்பணிக்கும் துறைமுக வேலைக்கும் என்று வந்து நிலைத்தவர்களின் பிள்ளைகள் போர்ட் பிளேரில் (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம்) பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். மக்களில் இந்துக்கள் சுமார் 69 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் 21, முஸ்லிம்கள் எட்டரை. கூலியைப் பற்றி மூன்று வேதங்களும் என்ன சொல்கின்றன என்று கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இந்தியாவில் அதிகம் இராது.

முஸ்லிம்களில் ஒரு பகுதியினர் 1921 மாப்பிள்ளைக் கிளர்ச்சிக்குப் பிறகு நாடுகடத்தப்பட்டவர்களின் வாரிசுகள். மலபாரின் ஊர்ப்பெயர்களைக் கொண்டுவந்து தெற்கு அந்தமானில் வண்டூர், மஞ்சேரி, திரூர் என்று வைத்துக்கொண்டார்கள். அவர்கள் பள்ளிவாசலில் கேட்கும் நபிமொழி, உழைத்தவன் வியர்வை காயுமுன் கூலி போய்ச் சேர வேண்டும் என்ற கருத்துடையது. அதைவிடக் கடுமையான இன்னொன்றும் இருக்கிறது. முழு வேலையையும் வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக, தீர்ப்பு நாளில் இறைவனே எதிர்வாதியாக நிற்பான் என்பது அது. ஆளுநருக்கு உயர்நீதிமன்றத்தில் நேர்ந்தது அதை நோக்கச் சின்ன விஷயம்தான்.

கிறிஸ்தவர்களின் கதை சிக்கலானது. 1918-லிருந்து சோட்டா நாகபுரியின் ஒராவோன், முண்டா, கரியா மக்களைக் காடு வெட்ட இங்கே கொண்டுவந்தார்கள். தீவில் அவர்களுக்கு இன்றும் ராஞ்சிக்காரர்கள் என்றுதான் பெயர். ஆள் திரட்டி அனுப்பியது ராஞ்சியிலிருந்த கத்தோலிக்கத் தொழிலாளர் பீரோ. அதாவது, திருச்சபையே ஆள் அனுப்பும் முகவராக நடுவில் நின்றது. தனியார் தரகரின் கையில் சிக்குவதைவிட அது நல்லது என்று பாதிரிமார் நினைத்திருக்கலாம். ஆனாலும் மேய்ப்பர் நியாயமான கூலி கேட்டுத் தருபவரா, மலிவான கூலிக்கு ஆள் தருபவரா என்ற சங்கடம் அதில் இருந்தது.

அந்தச் சங்கடத்துக்கு ரோமிலிருந்து ஏற்கெனவே ஒரு விடை வந்திருந்தது. 1891 மே 15-ல் போப் பதின்மூன்றாம் லியோ வெளியிட்ட 'ரேரும் நொவாரும்' என்ற சுற்றுமடல் ஒரு வாதத்தை உடைத்தது. கூலி இவ்வளவு என்று சொன்னோம், அவனும் சரியென்றான், பிறகு கேட்க என்ன இருக்கிறது என்பது முதலாளிகளின் வாதம். லியோ சொன்னதன் சாரம் இதுதான்: தேவையின் நெருக்கடியால் குறைந்த கூலிக்குத் தலையாட்டிய தொழிலாளி சம்மதித்தவன் ஆகமாட்டான், வன்முறைக்கு ஆளானவன், ஒப்பந்தத்துக்கு மேலே இயற்கை நீதி இருக்கிறது. 125 ஆண்டுகள் கழித்து, 2016 அக்டோபர் 26-ல், பஞ்சாப் தற்காலிக ஊழியர்கள் தொடுத்த ஜக்ஜித் சிங் வழக்கில் நீதிபதிகள் கெஹர், போப்டே அமர்வு கிட்டத்தட்ட அதையே சொன்னது. யாரும் தானாக விரும்பிக் குறைந்த கூலிக்கு வேலை செய்வதில்லை. பிள்ளைகுட்டிகளுக்குச் சோறு போடத் தன் மானத்தையும் தன்மதிப்பையும் விலையாகக் கொடுத்துச் செய்கிறான். போப் சொன்னதை அந்த நீதிபதிகள் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஒரே கணக்கைப் போட்டவர்களுக்கு ஒரே விடை வந்தது.

இங்கே எதிர்வாதம் ஒன்றைத் தட்டிக்கழிக்க முடியாது. மத்தேயு நற்செய்தியின் 20-ஆம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்ட உவமை வருகிறது. விடியற்காலையில் வந்தவனுக்கும் ஒரு தெனாரியம், சாயங்காலம் ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் ஒரு தெனாரியம். காலையிலிருந்து வெயிலில் வெந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். பேசிய கூலியைக் கொடுத்துவிட்டேன், என் பணத்தை என் இஷ்டப்படி கொடுக்க எனக்கு உரிமையில்லையா என்று அவர்கள் வாயை அடைக்கிறார் தோட்டக்காரர். சம்பள உயர்வு கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்ல இதைவிட வசதியான வசனம் எந்த முதலாளிக்கும் கிடைக்காது. பக்கத்து மேசைக்காரனைப் பார்க்காதே, உனக்குப் பேசியதைப் பார்.

ஆனால் உவமையின் முணுமுணுப்பாளர்கள் கேட்டது என்ன? தங்களுக்குக் குறைந்தது என்று அவர்கள் சொல்லவில்லை. கடைசியில் வந்தவனைத் தங்களுக்குச் சமமாக்கிவிட்டீர்களே என்றார்கள். சம்பந்தர் அப்பருடைய காசைக் குறைக்கச் சொல்லவில்லை, தன் காசைச் சரிசெய்யச் சொன்னார். மஸ்தூர்கள் நிரந்தர ஊழியரின் சம்பளத்தைக் குறைக்கச் சொல்லி வழக்குப் போடவில்லை. பிறர் சட்டியை எட்டிப் பார்ப்பது பொறாமையிலிருந்தும் வரலாம், நீதியுணர்விலிருந்தும் வரலாம். பார்ப்பவர் அடுத்து என்ன கேட்கிறார் என்பதில்தான் வேறுபாடு தெரியும். இன்னொன்றும் உண்டு. தோட்டக்காரர் கொடுத்தது அவருடைய சொந்தப் பணம். தீவு நிர்வாகம் கையில் வைத்திருப்பது யாருடைய பணம்? அபராதத்தைச் சொந்தப் பணத்திலிருந்து கட்டு என்று உயர்நீதிமன்றம் சொன்னபோது, மற்ற நாட்களில் கொடுப்பதோ மறுப்பதோ ஆளுநர் வீட்டுப் பணம் இல்லை என்பதும் சேர்ந்தே வெளிப்பட்டது. ஒரே நாள் உயிரோடு இருந்த உத்தரவு என்றாலும் அந்த ஒரு வரிக்காக அதை நினைவில் வைக்கலாம்.

அடுத்து கீதை. பலனில் பற்று வைக்காமல் செயலாற்று என்ற உபதேசத்தை அலுவலகச் சுவரில் மாட்டி வைத்திருக்கும் முதலாளிகள் தமிழ்நாட்டில் ஏராளம். மாட்டியவர் லாபத்தில் பற்றை விட்டாரா என்று கேட்பது குதர்க்கம் என்று ஒதுக்கிவிடுவார்கள். ஒதுக்க முடியாத ஒன்று பாரதத்திலேயே இருக்கிறது. அந்த உபதேசத்தைச் சொன்னவர்தான் அதற்குச் சில நாள் முன்பு தூது போய், பாண்டவர்களுக்கு உரிய பங்கைக் கொடு என்று துரியோதனன் சபையில் கேட்டவர். நாடு இல்லையென்றால் ஐந்து ஊராவது கொடு என்று பேரம் பேசுவதற்கும் அவர் வெட்கப்படவில்லை. பலனில் பற்றின்மை என்பது உரிமையைக் கேட்காமல் விடுவது என்றால் கிருஷ்ணன் தூதுக்கு அர்த்தமே இல்லை. பற்றின்மை, கேட்பவர் தன் மனத்துக்குள் செய்துகொள்ள வேண்டிய வேலை. கொடுக்க வேண்டியவர் அதை அவருக்குப் பரிந்துரைக்க முடியாது.

வ.உ. சிதம்பரம் பிள்ளையின் வாழ்க்கையில் இது ஏட்டளவில் நிற்காமல் நடந்தேறியது. 1908 பிப்ரவரி 27-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். மில் ஹார்வி நிறுவனத்துடையது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள். ஊரே சேர்ந்துகொண்டது, வேலைநிறுத்தத்தைப் பழித்தவருக்குச் சவரம் செய்ய மாட்டேன் என்று முடிதிருத்துபவர் மறுத்த கதை அந்த நாட்களுடையதுதான். கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. மார்ச் 12-ல் தலைவர்கள் கைதானார்கள். ஜூலையில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் நாடுகடத்தல் விதித்தார். அந்நாளில் நாடுகடத்தல் என்றால் அந்தமான். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. செல்லுலார் சிறையில் இழுத்திருக்க வேண்டிய செக்கைக் கோயம்புத்தூர்ச் சிறையில் இழுத்தார்.

அதே மனிதர்தான் ஜேம்ஸ் ஆலனின் நூலை 'மனம் போல வாழ்வு' என்று தமிழாக்கியவர். அது 1909-ல் வெளிவந்தது. ஒருவனுடைய சூழ்நிலை அவன் எண்ணங்களின் விளைவு என்பது ஆலனின் கொள்கை. திருக்குறளுக்கும் சிவஞானபோதத்துக்கும் உரை எழுதியவரும் அவர்தான். அகத்தைச் சீர்செய் என்ற போதனையில் அவ்வளவு நம்பிக்கை கொண்டவர், கோரல் மில் தொழிலாளிகளிடம் போய் மனத்தை மாற்றுங்கள், கூலி தானாக மாறும் என்று சொல்லவில்லை. மில் நிர்வாகத்திடம் போய்க் கூலியை மாற்றுங்கள் என்றார். இரண்டும் அவருக்குள் முரணாக இல்லை. முரண் என்று பார்ப்பவர்கள் பெரும்பாலும் கூலி கொடுக்கும் நிலையில் இருப்பவர்கள்.

கேட்பவருக்கு உள்ள உண்மையான தடை நன்றியுணர்ச்சி. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்ன சமூகம் இது. வேலை கொடுத்தார், கஷ்ட காலத்தில் முன்பணம் கொடுத்தார், தங்கை கல்யாணத்துக்கு வந்து நின்றார். அவரிடம் போய் எப்படிக் கேட்பது? இந்தத் தயக்கம் பொய்யானதில்லை, அழகானதும்கூட. ஆனால் யார் யாருக்கு முதலில் உப்பிட்டது? மாதச் சம்பளக்காரர் முப்பது நாள் உழைத்த பிறகுதான் பணம் பார்க்கிறார். அந்த முப்பது நாளும் அவர் நிறுவனத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தவராகிறார். 1867-ல் வந்த 'மூலதனம்' நூலில் மார்க்ஸ் இதைக் குறிப்பிடுகிறார். அதற்கு அவரைத் தேடிப் போக வேண்டியதும் இல்லை, சம்பளத் தேதியைப் பார்த்தாலே தெரியும்.

வள்ளுவர் இரவு என்று ஓர் அதிகாரமும் (106) இரவச்சம் என்று அடுத்த அதிகாரமும் (107) வைத்தார். இரண்டும் கையில் ஒன்றுமில்லாதவன் இருப்பவனிடம் போவதைப் பற்றியவை. உழைப்பைக் கொடுத்துவிட்டு வந்து நிற்பவனை அந்த இரண்டு அதிகாரங்களுக்குள் தள்ளுவது வள்ளுவருக்குச் செய்யும் அநியாயம்.

கணக்கைத் தலைகீழாக்கி, உழைத்தவனையே கடன்காரனாக்கிய ஏற்பாடுகளும் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் கங்காணியிடம் வாங்கிய முன்பணத்தோடு போனார்கள். துண்டு என்ற கடன்சீட்டு முறையில் அந்தக் கடன் தோட்டத்திலிருந்து தோட்டத்துக்கு அவர்களோடு போனது. கடன்பட்டவன் எந்த வாயால் கூடுதல் கேட்பான்? 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் கேட்டார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இந்தியா திரும்பிய மலையகத் தமிழர்களில் சில குடும்பங்களை நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடிவைத்தார்கள். தோட்டம் பின்னர் அந்தமான் நிக்கோபார் வன, தோட்ட வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பில் இருந்தது. 2004 சுனாமி கச்சாலைச் சூறையாடியது. 2017 ஆகஸ்டில் கழகத்தையே மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சம்பளம் கேட்க இரண்டு கடல் தாண்டியவர்களுக்குக் கடைசியில் கேட்கும் இடமே இல்லாமல் போனது.

அதே கச்சாலில் நிக்கோபாரிகள் துகேத் என்ற கூட்டுக் குடும்ப முறையில் வாழ்ந்தவர்கள். தென்னந்தோப்பும் பன்றிகளும் துகேத்துக்குச் சொந்தம். உழைப்பும் விளைவும் உள்ளுக்குள்ளேயே பங்கிடப்படும். அங்கே முதலாளி இல்லை, எனவே கூலி உயர்வு என்ற கேள்வியும் இல்லை. கூலி என்பதே மனிதர்கள் செய்துகொண்ட ஓர் ஏற்பாடு. விதியோ கர்மவினையோ அதன் அளவை நிர்ணயிப்பதில்லை. சுனாமிக்குப் பிறகு இழப்பீட்டுப் பணம் தனித்தனிக் குடும்பங்களுக்கு வந்தபோது துகேத்துகளே ஆட்டம் கண்டன என்பது வேறு கதை.

கர்மவினை என்று சொல்லிக் கூலியை நிர்ணயித்த ஊர்கள் தமிழ்நாட்டில்தான் அதிகம். 1968 டிசம்பர் 25 இரவு, தஞ்சைக் கீழ்வெண்மணியில் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலிநெல்லில் அரைப்படி கூடக் கேட்டதும், அதற்காகச் சங்கம் வைத்ததும்தான் பகை. உலகம் முழுக்கத் தேவாலயங்களில் கிறிஸ்து பிறப்பு கொண்டாடிய இரவு அது. 1973-ல் சென்னை உயர்நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுதலை செய்தது. கேட்பதைத் தன்னம்பிக்கைப் பயிற்சியாக மட்டும் பேசும் புத்தகங்களில் இந்த இரவு வராது.

உரியதற்கு மேலே கேட்பது? அதற்கும் இடம் உண்டு, அது பேரம். விவிலியத்தில் யாக்கோபு மாமனார் லாபானிடம் புள்ளி விழுந்த ஆடுகளையெல்லாம் கூலியாகக் கேட்டுப் பேசி முடித்தவர். இருபது வருடம் உழைத்ததில் பத்துமுறை கூலியை மாற்றினீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னவரும் அவர்தான். சந்தை ஏறும்போது பெரிய கம்பெனிப் பொறியாளர் தன் மேலாளரிடம் இன்னும் இருபது விழுக்காடு கேட்பது இந்த வகை. அதில் புண்ணியமும் இல்லை, பாவமும் இல்லை; கிடைத்தால் கிடைத்தது. அதை மஸ்தூரின் கோரிக்கையோடு ஒரே தட்டில் வைத்து, எல்லாரும் ஆசைப்படுகிறார்கள் என்று பொத்தாம்பொதுவாகப் பேசுவதுதான் தவறு.

உபாகமத்தில் மோசே விதித்த சட்டம், ஏழைக் கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுக்கச் சொல்கிறது. இந்தியாவில் 2019-ல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின் 17-ஆம் பிரிவும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது: நாள்கூலிக்கு அமர்த்தியவருக்கு அன்றைய வேலை முறை முடிந்ததும் பணம். அதே அத்தியாயத்தின் கடைசிப் பிரிவு 25. அரசு தானாக முன்வந்து அறிவிக்கை வெளியிட்டாலொழிய, இந்த அத்தியாயம் அரசு நிறுவனங்களுக்குப் பொருந்தாது என்கிறது அது.